தண்ணீர் தமிழ்நாட்டுக்கு, மீன் கேரளத்துக்கு

தேக்கடி படகுத் துறையில் டிக்கெட் எடுப்பவர்கள் பெரும்பாலும் யானையைத் தேடித்தான் வருகிறார்கள். ஏரிக்கு நடுவே கருத்துப்போய் நிற்கும் பட்ட மரங்களைக் காட்டி, 'இவை ஏன் தண்ணீருக்குள் நிற்கின்றன?' என்று கேட்பவர்களும் உண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழும்பியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அந்தப் படகில் இருந்தபடி கேட்கத்தக்க இன்னொரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை: இங்கே எது யாருடையது?

படகை விடுவது கேரளத்தின் சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் வனத்துறையும். படகு மிதக்கிற தண்ணீர் தமிழ்நாட்டின் கணக்கில் சேர்ந்தது. அந்தத் தண்ணீரில் துள்ளுகிற மீன் கேரளத்துடையது. ஏரிக்கு அடியில் இருக்கும் மண்ணும் கேரளத்துடையதுதான், ஆனால் 2885 வரை குத்தகையில் இருக்கிறது. அணையைப் பராமரிப்பதும் ஷட்டரை ஏற்றி இறக்குவதும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள். அணைக்குக் காவல் நிற்பது கேரள போலீஸ். அணையில் எரிகிற விளக்குக்கு மின்சாரம் கேரள மின்வாரியம் தருவது. கரையோரத்து மரத்தில் கோடரி விழவேண்டுமென்றால் கேரள வனத்துறையைக் கேட்கவேண்டும், டெல்லியையும் கேட்கவேண்டும். தண்ணீர் எத்தனை அடி வரை நிற்கலாம் என்று சொன்னது உச்ச நீதிமன்றம்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பக்கம் ஒரே தென்னந்தோப்பில் சில மரங்கள் காய்க்காகவும் சில மரங்கள் கள்ளுக்காகவும் தனித்தனியே குத்தகைக்குப் போகும். இங்கே நிலைமை அதையும் தாண்டிவிட்டது. ஒரே மரத்தின் வேர் ஒருவருக்கு, பாளை ஒருவருக்கு, நிழல் ஒருவருக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடத்தில் இந்த விஷயம் மிகச் சுத்தமாக இருக்கும். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மூன்று பட்டியல்கள். தொடக்கத்தில் ஒன்றியப் பட்டியலில் 97 இனங்கள், மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47. ராணுவம், நாணயம், ரயில் டெல்லிக்கு. போலீஸ், விவசாயம், மது மாநிலத்துக்கு. மின்சாரம் இருவருக்கும் பொது. காடும் கல்வியும் முதலில் மாநிலத்திடம் இருந்தவை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், 42-ஆம் திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்குத் தூக்கிக்கொண்டு போனது. மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் வாங்கிவிடலாம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவில் மூன்று பட்டியல்களும் ஒரே ஏக்கரின்மேல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் எல்லையோரம் நடந்தால் கூட்டாட்சி என்பது என்ன என்பதை டெல்லியில் இருந்து பார்ப்பதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம்.

இந்த அடுக்குகளில் மிகப் பழையது ஒரு குத்தகைச் சீட்டு. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் மன்னரின் அரசும் பிரிட்டிஷ் இந்தியச் செயலரும் எழுதிக்கொண்டது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்புவது திட்டம். 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய். அந்தப் பணம்கூட மன்னரின் கைக்கு நேராகப் போகவில்லை. திருவிதாங்கூர் பிரிட்டிஷாருக்குக் கட்டவேண்டிய கப்பத்தில் கழித்துக்கொள்ளப்பட்டது. பேரம் பேசியவர்களின் பலம் எப்படி இருந்தது என்பதை அந்த ஒரு ஏற்பாடே சொல்லிவிடும்.

சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த காரையால் கர்னல் பென்னிகுயிக் கட்டிய அணை அது. தேனி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், அவர் பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். அணையின் வேலைப்பாட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கத்தின் வாய் 104 அடி மட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் தமிழ்நாட்டால் ஒரு சொட்டுகூட எடுக்கமுடியாது. ஆகவே நீர்மட்டம் பற்றிய சண்டை முழுக்க 104-க்கு மேலே நடக்கும் சண்டை. 136 அடிக்கும் 142 அடிக்கும் இடையில் இருக்கும் அந்த ஆறு அடியில் ஏறக்குறைய ஒன்றரை டிஎம்சி தண்ணீர், அதாவது நூற்றைம்பது கோடி கன அடி, அடங்கும். கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டாம் போக நெல்லுக்கு அது சின்ன அளவல்ல.

அதிகாரப் பகிர்வின் முதல் வழக்கு சுதந்திரத்துக்கு முன்பே வந்துவிட்டது. பாசனத்துக்கென்று வாங்கிய தண்ணீரை மலையிலிருந்து இறங்கும்போது டர்பைன் சுற்றவிட்டு மின்சாரம் எடுக்கலாமே என்று சென்னை மாகாணம் நினைத்தது. குத்தகை பாசனத்துக்குத்தான், மின்சாரத்துக்கு அல்ல என்று திருவிதாங்கூர் மறுத்தது. நடுவராக உட்கார்ந்த நளினி ரஞ்சன் சட்டர்ஜி 1941-இல் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒரே தண்ணீர்தான். நெல்லுக்குப் போனால் அது சென்னையுடையது, சக்கரத்தைச் சுற்றினால் அல்ல.

பிறகு 1956 வந்தது. மலபாரோடு சேர்ந்து பாலக்காடு சென்னையிலிருந்து பிரிந்து கேரளத்துக்குப் போனது. தமிழர்கள் நிறைந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொன்ன கோரிக்கை எடுபடவில்லை. செங்கோட்டையும் கன்னியாகுமரித் தாலுகாக்களும்தான் இந்தப் பக்கம் வந்தன. இதில் கவனிக்கவேண்டியது அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்றவோ, மாநிலத்தையே பிரிக்கவோ நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்கவேண்டும். கேட்ட கருத்தை ஏற்கவேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அதன் எல்லையைத் தொடமுடியாது. இந்தியாவில் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அந்த மாநிலம் எதுவரை நீள்கிறது என்பதைச் சொல்லும் அதிகாரம் வேறோரிடத்தில் இருக்கிறது. நம் கூட்டாட்சியில் எனக்குத் தீராத வியப்பு இது.

எல்லைக் கோடு விழுந்ததும் தண்ணீர் யாருடையது? மாநிலப் பட்டியலின் 17-ஆம் இனம் தண்ணீரை மாநிலத்துக்குத் தருகிறது. ஆனால் 'ஒன்றியப் பட்டியலின் 56-ஆம் இனத்துக்கு உட்பட்டு' என்று ஒரு வால் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளைப் பொதுநலன் கருதி ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது 56. அப்படி ஒரு சட்டமும் 1956-இல் வந்தது: ஆற்று வாரியங்கள் சட்டம். அதன்கீழ் இதுவரை அமைக்கப்பட்ட ஆற்று வாரியங்களின் எண்ணிக்கை பூஜ்யம். டெல்லிக்கு அதிகாரம் இல்லை என்பதல்ல பிரச்சினை; கையில் இருந்த அதிகாரத்தை எடுக்க டெல்லி தயங்கியது. இரு பக்கமும் ஓட்டு இருக்கும் இடத்தில் நடுவராகப் போக எந்தக் கட்சிக்கும் மனம் வராது.

டெல்லி விட்ட இடத்தில் மாநிலங்கள் தாங்களே உட்கார்ந்து பேசின. 1970 மே 29 என்ற தேதியை இரு மாநிலப் பாடப்புத்தகங்களிலும் சேர்க்கலாம். அன்று ஒரே நாளில் பெரியாறு ஒப்பந்தத்தின் திருத்தமும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. சென்னையில் கருணாநிதி முதல்வர், திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன். பெரியாற்றில் வாடகை ஏக்கருக்கு 5-லிருந்து 30 ரூபாயாக ஏறியது. 1941-இல் மறுக்கப்பட்ட மின்சாரம் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது, அதற்குக் கேரளத்துக்குத் தனிக் கட்டணம். பதிலுக்கு மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்தது. தேக்கடி மீன் கேரளத்துடையதானது இப்படித்தான். அரசியலமைப்பின் எந்தப் பட்டியலும் இதைச் சொல்லவில்லை. இரண்டு அரசுகள் மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டன.

பத்து ஆண்டுகள்கூட நிம்மதி நீடிக்கவில்லை. 1979 ஆகஸ்டில் குஜராத்தில் மோர்பி அணை உடைந்து ஊரே அழிந்தது. எண்பத்து நான்கு வயது சுர்க்கி அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! தமிழ்நாட்டில் இந்தப் பயத்தைக் கேரளத்தின் வீம்பு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது வழக்கம். வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்கள் என்பது அப்போது மறந்துபோகும். மழைக்காலத்து இரவில் ஆற்றின் இரைச்சலைக் கேட்டு விழித்திருப்பவருக்கு மொழி ஒரு பொருட்டல்ல. மத்திய நீர் ஆணையம் வந்து பார்த்தது. மட்டத்தை 136 அடிக்கு இறக்கி, அணையைப் பலப்படுத்திய பிறகு உயர்த்தலாம் என்றது. மேலே கான்கிரீட் மூடி, உள்ளே துளையிட்டு அடிப்பாறைவரை இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள், பின்புறம் கான்கிரீட் முட்டு என்று தமிழ்நாடு வேலையை முடித்தது. மட்டம் மட்டும் உயரவில்லை.

இதற்குப் பிறகு நடந்தது அரசியலமைப்பு வகுப்பில் வைத்துக்கொள்ளவேண்டிய கதை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நிரப்பலாம் என்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, முல்லைப் பெரியாறு ஆபத்தான அணை, உச்சவரம்பு 136 அடி என்று அட்டவணையில் எழுதியது. தண்ணீர் மாநிலப் பட்டியல், அணை எங்கள் மண்ணில், மக்களின் உயிர் எங்கள் பொறுப்பு. சட்டம் போட உரிமை உண்டு என்பது கேரளத்தின் வாதம்.

தமிழ்நாடு 131-ஆம் பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றம் போனது. மாநிலம் மாநிலத்தின்மேல் நேரடியாக வழக்குப் போட இருக்கும் ஒரே கதவு அது. ஆனால் பக்கத்திலேயே 262-ஆம் பிரிவு நிற்கிறது: நதிநீர்ப் பங்கீட்டுத் தகராறுகளை நீதிமன்றங்கள் தொடக்கூடாதென்று நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது அது. போட்டும் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்துக்குப் போனது அந்த வழியில்தான். அப்படியானால் பெரியாறு மட்டும் எப்படி நீதிமன்றத்துக்கு வரலாம்? யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று இங்கே யாரும் சண்டை போடவில்லை, அணையின் பாதுகாப்பும் சட்டமன்றத்தின் அதிகாரமும்தான் கேள்வி என்று நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. 1947-இல் பிரிட்டிஷ் மேலாட்சி முடிந்தபோது 1886 குத்தகையும் காலாவதியாகிவிட்டது என்ற கேரளத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை.

நடுவில் நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஐவர் குழு ஒன்று அணையைத் துருவி ஆராய்ந்து, நீரியல், கட்டுமானம், நிலநடுக்கம் என மூன்று வகையிலும் பாதுகாப்பானது என்றது. 2014 மே 7-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு கேரளத்தின் திருத்தச் சட்டத்தை ரத்து செய்தது. தீர்ப்பின் மையத்தில் அணை இல்லை. சட்டமன்றத்துக்குச் சட்டம் போடும் அதிகாரம் உண்டு; ஆனால் உண்மை எது என்று நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன முடிவைச் சட்டத்தால் அழிக்கும் அதிகாரம் இல்லை என்றார்கள் நீதிபதிகள். அதிகாரம் டெல்லிக்கும் மாநிலத்துக்கும் இடையே மட்டும் பங்கிடப்படுவதில்லை, சட்டமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலும் பங்கிடப்படுகிறது. அந்த இரண்டாவது வேலியில்தான் கேரளம் தடுக்கி விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது.

கேரளத்தின் பயத்துக்கு அந்தத் தீர்ப்பு மருந்து போட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லவேண்டும். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அதே நீதிமன்றம் மட்டத்தை 140-க்குச் சற்றுக் கீழே வைக்கச் சொன்னது. இன்று மட்டம் ஆண்டு முழுக்க ஒரே எண்ணில் நிற்பதில்லை. மழைப் பருவத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை மாறும் உச்சவரம்பு அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி இன்னின்ன தேதியில் இத்தனை அடிதான். மிஞ்சினால் ஷட்டர் திறந்து பெரியாற்றிலேயே விடவேண்டும். அது வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கி அணைக்கு ஓடும். 2021 இறுதியில் இரவு நேரத்தில் ஷட்டர் திறந்தார்கள், போதிய எச்சரிக்கை இல்லை என்று கேரளம் புகார் சொன்னது. ஷட்டரின் பொத்தான் ஒரு மாநிலத்தின் கையில், ஆற்றோரத்து ஒலிபெருக்கி இன்னொரு மாநிலத்தின் கையில்.

அதே 2021-இன் இறுதியில்தான் டெல்லி கடைசியில் 56-ஆம் இனத்தைக் கையில் எடுத்தது. அணைப் பாதுகாப்புச் சட்டம். இது மாநில உரிமையில் தலையீடு என்று தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. ஒரு மாநிலத்தின் அணை இன்னொரு மாநிலத்து மண்ணில் இருந்தால், அதைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநில அமைப்புக்கு இல்லை, தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு என்கிறது சட்டம். யாரை மனத்தில் வைத்து எழுதிய வரி என்பதில் சந்தேகமே வேண்டாம். முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் எல்லாம் கேரளத்தில் நின்றபடி தமிழ்நாட்டுக்காக உழைக்கும் அணைகள்.

சட்டங்களை விட்டுவிட்டு ஒரு பதினைந்து மரங்களைப் பார்க்கலாம். பெரிய அணைக்குப் பக்கத்தில் பேபி அணை என்று ஒன்று இருக்கிறது. அதைப் பலப்படுத்த அங்கே நிற்கும் மரங்களை வெட்டவேண்டும் என்று தமிழ்நாடு நெடுங்காலமாகக் கேட்டுவந்தது. 2021 நவம்பரில் பதினைந்து மரங்களுக்குக் கேரள வனத்துறை அனுமதி கொடுத்தது. மகிழ்ந்துபோன தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலின், கேரள முதல்வர் பினராயி விஜயனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வெளிவந்த பிறகுதான் கேரளத்தில் பூகம்பமே கிளம்பியது. இப்படி ஓர் உத்தரவு போனதே தங்களுக்குத் தெரியாது என்றார்கள் அமைச்சர்கள். உத்தரவு நிறுத்தப்பட்டது, கையெழுத்துப் போட்ட மூத்த வன அதிகாரி பணியிடை நீக்கம் ஆனார். இடம் புலிகள் காப்பகம். காடு பொதுப் பட்டியலில் இருப்பதால் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதியும் வேண்டும். அணையைப் பலப்படுத்தச் சொன்னது நீதிமன்றம், பலப்படுத்தவேண்டியவர் தமிழ்நாடு, மரம் கேரளத்துடையது, காட்டின் சட்டம் டெல்லியுடையது. இந்த நான்கும் ஒரு நாளில் ஒரே திசையில் பார்த்தால்தான் கோடரி எழும்பும்.

விளக்குக் கதையும் இதற்கு இளைத்ததல்ல. மின்கம்பியில் யானை ஒன்று இறந்ததையொட்டி 2000 வாக்கில் அணைக்கு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இதே தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்தில் இறங்கி மெகாவாட் கணக்கில் மின்சாரம் தந்துகொண்டிருக்க, அணை மட்டும் இருபது ஆண்டுகள் ஜெனரேட்டரில் ஓடியது. தமிழ்நாடு 1.65 கோடி ரூபாய் கட்டி, வல்லக்கடவிலிருந்து காட்டுக்கு அடியில் கேபிள் புதைத்து, 2021 ஜனவரியில்தான் கேரள மின்வாரியத்தின் வெளிச்சம் மறுபடி வந்தது.

வடக்கே பாலக்காட்டு எல்லைக்குப் போனால் இதே அடுக்குகள் வேறு முகம் காட்டும். கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் ரோட்டைத் தாண்டினால் லாட்டரிக் கடை. கேரளம் 1967-இல் அரசு லாட்டரி தொடங்கிய முதல் மாநிலம். தமிழ்நாடு 2003-இல் எல்லா லாட்டரியையும் தடைசெய்தது. அரசு நடத்தும் லாட்டரி ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. 1998-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டமே, வெளி மாநிலச் சீட்டைத் தடுக்க மாநிலத்துக்கு உரிமை கொடுத்தது. கள்ளும் அப்படித்தான், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை, இந்தப் பக்கம் குற்றம். வாளையாறு சோதனைச் சாவடியில் மைல் கணக்கில் லாரிகள் நின்ற காலம் ஒன்று இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் விற்பனை வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிக்காரர்களுக்கு நிம்மதி. அதற்கு விலையாக மாநிலங்கள் தங்கள் பெரிய வரி அதிகாரத்தை ஒரு பொதுக் கவுன்சிலில் கொண்டுபோய் வைத்தன. அதில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். டெல்லி தலையசைக்காமல் எதுவும் நகராது.

சித்தூர் தாலுகாவின் பிளாச்சிமடைக்கு வந்தால் மூன்றாவது ஓர் அரசும் எழுந்து நிற்கிறது: பெருமாட்டி பஞ்சாயத்து. கொக்கோகோலா ஆலை 2000-இல் அங்கே ஓடத் தொடங்கியது. கிணற்று நீர் கெட்டுப்போனது என்று ஆதிவாசிப் பெண்கள் மயிலம்மாவின் முன்னணியில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் மக்களுக்கான பொதுச்சொத்து, அதை மிதமிஞ்சி உறிஞ்ச நிலத்துக்காரருக்கு உரிமை இல்லை என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆலை 2004-லேயே மூடியாயிற்று. நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று மாநில அரசின் உயர்நிலைக் குழு கணக்கிட்டது. அதை வசூலித்துத் தர ஒரு தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் நிறைவேற்றியது. மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு டெல்லி போனது. இதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்று உள்துறை அமைச்சகம் கேள்வி எழுப்பியது. சில ஆண்டுகள் கிடந்து, ஒப்புதல் இல்லாமல் திரும்பியது. கிணறு பஞ்சாயத்தில், சட்டமன்றம் திருவனந்தபுரத்தில், பேனா டெல்லியில். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா எவ்வளவு காலம் பேனாவுக்காகக் காத்திருக்கலாம் என்ற கேள்வியைத் தமிழ்நாடு அண்மையில் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோனபோது எனக்குப் பிளாச்சிமடைதான் நினைவுக்கு வந்தது.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவே ஓரளவு ஒழுங்காக ஓடுகிற ஏற்பாடு ஒன்றும் இருக்கிறது. அதைப் பார்க்க ஆனைமலைக்குப் பக்கத்தில் மணக்கடவு தடுப்பணைக்குப் போகவேண்டும்.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் எட்டு ஆறுகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் ஒன்றோடொன்று கோத்த வேலை. காமராஜரும் இ.எம்.எஸ்.ஸும் முதல்வர்களாக இருந்த காலத்தில் பேசி முடித்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அணைகள் எழும்பி, தண்ணீர் ஓடி, வயல் விளைந்த பிறகுதான் 1970-இல் கையெழுத்து விழுந்தது. ஒப்பந்தம் 1958 நவம்பர் 9 முதலே அமலில் இருந்ததாகப் பின்தேதியிட்டுக்கொண்டார்கள். நம்பிக்கை முன்னால் போக, காகிதம் பின்னால் வந்தது. பரம்பிக்குளம் அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் பாலக்காட்டிலிருந்து அங்கே போகிற பஸ் பொள்ளாச்சிப் பக்கம் வந்து, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக் காட்டுக்குள் நுழைந்துதான் மறுபடி கேரளத்துக்குள் போகவேண்டும்.

ஒப்பந்தப்படி கேரளத்துக்கு மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தரவேண்டும். கேரளச் சோலையாறு அணை செப்டம்பர் 1 அன்றும் பிப்ரவரி 1 அன்றும் நிரம்பியிருக்கவேண்டும். கணக்கு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். மணக்கடவுத் தண்ணீர் அங்கிருந்து மூலத்தரை ரெகுலேட்டருக்குப் போய், சித்தூர் வயல்களுக்குப் பிரிகிறது. ஓடுகிற தண்ணீரை எப்படி அளப்பது? தடுப்பணையின் முகட்டுக்கு மேல் தண்ணீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்பதை அளவுகோலில் பார்ப்பார்கள். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய 2.8 மடங்கு ஆகும். ஆகவே கோலில் ஓர் அங்குலம் தவறாகப் படித்தால், அன்றைய கணக்கு நன்றாகவே பிசகும். 7.25 டிஎம்சியை ஆண்டு முழுக்கப் பரப்பினால் விநாடிக்குச் சராசரி 230 கன அடி. இதை இரு மாநிலத்துக் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம் கண்காணிக்கிறது.

சண்டை இங்கேயும் வருகிறது. வறண்ட ஆண்டில் சித்தூர் விவசாயிகள் மறியல் செய்கிறார்கள், பல்லடம், உடுமலை விவசாயிகள் தங்கள் கடைமடைக்குத் தண்ணீர் இல்லை என்கிறார்கள். ஆனாலும் பெரியாற்றின் கசப்பு இங்கே இல்லை. காரணம் எண் என்றே நினைக்கிறேன். பெரியாற்றில் 'பாதுகாப்பு' என்பதை யார் அளப்பது, எந்தக் கோலால் அளப்பது என்பதே தகராறு. மணக்கடவில் 7.25 என்பது கோலில் தெரியும். பரம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பர் 21 அதிகாலை எடைக்கல் சங்கிலி அறுந்து, மூன்று ஷட்டர்களில் ஒன்று பிய்த்துக்கொண்டு போனது. விநாடிக்கு 20,000 கன அடிக்குமேல் பாய்ந்து, ஏறக்குறைய 6 டிஎம்சி சாலக்குடி ஆற்று வழியாகப் போனது. கேரளத்தின் ஓராண்டு மணக்கடவுப் பங்கை நெருங்கும் அளவு அது. திருச்சூர் மாவட்டத்தில் ஆற்றோரம் எச்சரிக்கை விடுத்தார்கள், தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் ஷட்டரைப் புதிதாகச் செய்து மாட்டினார்கள். இரண்டு மாநிலமும் இதை வழக்காக்கிப் பல ஆண்டுகள் இழுக்கவில்லை.

ஆனால் எண்ணும் பழசாகும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்களுக்குப் பிரித்த 1922 ஒப்பந்தம், மழை மிகுந்த சில ஆண்டுகளின் ஓட்டத்தை நம்பி எழுதப்பட்டது. ஆற்றில் இல்லாத தண்ணீரைக் காகிதத்தில் பங்கிட்டுவிட்டு இன்றுவரை திண்டாடுகிறார்கள். பரம்பிக்குளம் ஒப்பந்தத்தை எழுதியவர்கள் முன்யோசனையோடு, முப்பது ஆண்டுக்கு ஒருமுறை இதை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். 1958-இலிருந்து எண்ணினால் முதல் மறுபரிசீலனை 1988-இல் வந்திருக்கவேண்டும், இரண்டாவது 2018-இல். 2019 செப்டம்பரில் அப்போதைய முதல்வர்கள் எடப்பாடி பழனிசாமியும் பினராயி விஜயனும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, அதற்கென்று ஆளுக்கு ஒரு குழு போட்டார்கள். டெல்லி அந்த மேசையில் இல்லை, கூப்பிடவும் இல்லை. மழை மாறிவிட்டது, நீரார், நல்லாறு என்று தமிழ்நாட்டுக்குப் புதுக் கோரிக்கைகள் இருக்கின்றன, சித்தூரில் பயிர் மாறியிருக்கிறது. 7.25 என்ற எண் மட்டும் ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் பேரேட்டின் முதல் வரியில் அப்படியே எழுதப்படுகிறது.